சாவி வீட்டில் இருக்கட்டும்



திண்டுக்கல் என்றவுடன் வெளியூரார் நினைவுக்கு வருவது பூட்டு. நம் ஊர்க் கைவினைஞர்கள் இரும்பில் சமைக்கும் அப்பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அத்தகைய பூட்டை வாங்கும் எவரும் இரண்டு சாவிகளையும் பூட்டிலேயே தொங்கவிட்டு வெளியூர் செல்வதில்லை. ஒரு சாவியையேனும் வேறோர் இடத்தில் பத்திரமாக வைக்கின்றார். தாத்தா காலத்திலிருந்து நமக்குக் கைவந்த இந்த எளிய அறிவை, நம் கைப்பேசியின் மட்டில் மட்டும் நாம் மறந்துவிட்டோம். அதனால் விளையும் துன்பத்தைப் பற்றியும், அதற்குரிய மாற்றைப் பற்றியும் இம்மாதம் சிந்திப்போம்.

காமராசர் பேருந்து நிலையத்தின் நெரிசலிலோ, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலோ, முத்தழகுப்பட்டி புனித செபஸ்தியார் திருவிழாக் கூட்டத்திலோ ஒரு தாயின் கைப்பேசி தவறிவிடுகிறது என்று கொள்வோம். அதில் இருப்பவை எவை? வெளிநாட்டில் உழைக்கும் மகனின் எண், மருத்துவரின் எண், பேரப்பிள்ளைகளின் படங்கள், வங்கிக் கணக்கைத் திறக்கும் வழி, மகளிர் குழுக் கணக்கு ஆகிய அனைத்தும் அந்தச் சிறு கருவிக்குள் அடக்கம். பொருளின் விலை பத்தாயிரம் ரூபாயாக இருக்கலாம். இழப்போ அதனினும் பெரிது.

அவ்வேளையில் உடனிருக்கும் மகளின் கையில் ஒரு கைப்பேசி உண்டு. ஆனால் அது வேறு வகை. தாயினுடையது ஆண்ட்ராய்டு, மகளினுடையது ஐபோன். அல்லது தொலைந்தது ஐபோன். கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. “இது வேறு கம்பெனி அல்லவா, இதில் அதை எப்படித் தேடுவது?” என்று குடும்பமே கைபிசைந்து நிற்கின்றது. அதே வகைக் கைப்பேசி வைத்திருக்கும் உறவினரைத் தேடி அலைவோரும் உண்டு. தேடுவதற்கு மிகவும் ஏற்ற முதல் ஒரு மணி நேரம் இவ்வாறு வீணாகிவிடுகிறது.

இந்தத் தயக்கத்திற்குக் காரணமே இல்லை என்பதை முதலில் அறிந்துகொள்வோம். ஒரு கைப்பேசி மற்றொரு கைப்பேசியை நேரடியாகத் தேடுவதில்லை. தொலைந்த கைப்பேசி, செயற்கைக்கோள்களின் குறிப்பையும், அருகிலுள்ள கோபுரங்கள், வைஃபை இணைப்புகள் ஆகியவற்றின் குறிப்பையும் கொண்டு தன் இருப்பிடத்தைத் தானே கணிக்கின்றது. அக்கணிப்பை இணையத்தின் வழியாகத் தன் நிறுவனத்திற்குத் தெரிவிக்கின்றது. ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் நிறுவனம். ஐபோன் என்றால் ஆப்பிள் நிறுவனம். நாம் செய்வதெல்லாம் அந்நிறுவனத்திடம் சென்று, “நான் இன்னார்; என் கருவி எங்கே?” என்று வினவுவதே. அவ்வினாவை எந்தக் கருவியிலிருந்தும் வினவலாம். நத்தத்துத் தபால் பெட்டியில் போட்டாலும் நிலக்கோட்டைப் பெட்டியில் போட்டாலும் கடிதம் உரிய முகவரிக்குச் சேர்வதில்லையா? அதுபோலத்தான். பெட்டியின் நிறம் முக்கியமன்று. முகவரி சரியாக இருத்தலே முக்கியம்.

இங்கே முகவரி என்பது கணக்கின் பெயர். சாவி என்பது அதன் மறைச்சொல். இவ்விரண்டும் நினைவில் இருந்தால் எந்தக் கைப்பேசியும், எந்தக் கணிப்பொறியும் போதும். இவை இல்லையென்றால், தொலைந்ததைப் போன்றதே பத்துக் கைப்பேசிகள் இருந்தாலும் பயனில்லை. இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, தொலைந்தது ஆண்ட்ராய்டு. கையில் இருப்பது ஐபோன். ஐபோனில் இணையப் பக்கங்களைத் திறக்கும் சஃபாரி அல்லது குரோமைத் திறக்க வேண்டும். கூகுளின் ‘ஃபைண்ட் ஹப்’ என்னும் பக்கத்திற்குச் செல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டில் வேறொரு பெயரில் தொடங்கப்பட்டு, பின் ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ என வழங்கப்பட்ட இவ்வசதிக்கு 2025ஆம் ஆண்டில் இப்பெயர் இடப்பட்டது. அங்கே தாயின் ஜிமெயில் முகவரியையும் மறைச்சொல்லையும் இட வேண்டும். மகளின் சொந்தக் கணக்கு ஏற்கெனவே திறந்திருந்தால் குழப்பம் நேரும். ஆகவே தனிப்பட்ட உலாவல் என்னும் பக்கத்தில் திறப்பது நன்று. வேலை முடிந்ததும் அப்பக்கத்தை மூடிவிட்டால் கணக்கு அங்கே தங்காது.

பக்கம் திறந்ததும் நிலப்படத்தில் கைப்பேசியின் இருப்பிடம் தெரியும். அங்கிருந்தே மூன்று காரியங்களைச் செய்யலாம். ஒன்று, ஒலி எழுப்பச் செய்தல்: கைப்பேசி ஒலியடக்கி வைக்கப்பட்டிருந்தாலும் ஐந்து நிமிட நேரம் ஒலிக்கும். வீட்டிலேயோ ஆலய இருக்கையிலோ வைத்து மறந்தவர்களுக்கு இதுவே போதும். இரண்டு, திரையைப் பூட்டி, கண்டெடுப்பவருக்கு ஒரு செய்தியும் தொடர்பு எண்ணும் தோன்றச் செய்தல். இங்கே தொலைந்த கைப்பேசியின் எண்ணையே கொடுத்துவிட்டால் பயன் என்ன? மகளின் எண்ணையோ அயலாரின் எண்ணையோதான் கொடுக்க வேண்டும். மூன்று, உள்ளிருப்பவை அனைத்தையும் அழித்தல். இது கடைசிப் படி. ஆண்ட்ராய்டில் அழித்தபின் இவ்வழியாக இருப்பிடத்தைக் காண இயலாது. ஆகவே மீளும் நம்பிக்கை உள்ளவரை அழிக்க அவசரப்படலாகாது.

இவற்றுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. கைப்பேசி உயிரோடு இருக்க வேண்டும். இணையத் தொடர்பு இருக்க வேண்டும். இருப்பிடம் காட்டும் வசதியும், தேடும் வசதியும் முன்னரே திறந்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். மின்சேமிப்புக்கென்று இருப்பிட வசதியை எந்நேரமும் அடைத்து வைப்போர் இதைக் கவனிப்பார்களாக.

இரண்டாவது, தொலைந்தது ஐபோன். கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ பணிபுரிந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்கு இந்நிலை நேரும். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் குரோமில் ‘ஐகிளவுட் டாட் காம்’ என்னும் தளத்தின் ‘ஃபைண்ட்’ பக்கத்தைத் திறந்து, ஆப்பிள் கணக்கின் பெயரையும் மறைச்சொல்லையும் இட வேண்டும். நிலப்படம் தோன்றும், ஒலி எழுப்பலாம், தொலைந்ததெனக் குறித்துப் பூட்டலாம், தேவையானால் அழிக்கலாம். இதற்கும் ஐபோனைத் தேடும் வசதி முன்னரே திறந்திருக்க வேண்டும். மேலும் ஓர் எச்சரிக்கை: எந்நிலையிலும் அக்கருவியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாகாது. கணக்கோடு பிணைந்திருக்கும் வரைதான் பிறர் அதைப் புதிதுபோல் திறந்து பயன்படுத்த முடியாதபடி பூட்டு காக்கும். நீக்கினால் நாமே பூட்டைக் கழற்றிக் கொடுத்தவர்களாவோம்.

இவ்விடத்தில் பலரும் இடறி விழும் ஒரு கல்லைச் சுட்டிக்காட்ட வேண்டும். இக்காலத்தில் மறைச்சொல் மட்டும் போதாமல், உறுதிப்படுத்தும் எண் ஒன்றையும் கேட்கின்றார்கள். அந்த எண் எங்கே வரும்? தொலைந்த கைப்பேசிக்கே வரும்! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை இதுதான். ஆப்பிள் நிறுவனம் இதை எண்ணி, தேடும் பக்கத்திற்கு மட்டும் அந்த எண் இன்றியே நுழைய இடம் கொடுத்துள்ளது. கூகுளில் இருபடிப் பாதுகாப்பை வைத்திருப்போர் முன்னேற்பாடு செய்துகொள்ள வேண்டும். கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எட்டு இலக்கங்கள் கொண்ட பத்து மாற்று எண்களைப் பெற்றுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் செல்லும். அன்றியும், கணவர், பிள்ளை ஆகிய நம்பத்தக்க ஒருவரின் எண்ணை இரண்டாம் எண்ணாகச் சேர்த்து வைக்கலாம். இரண்டுக்கும் பத்து நிமிடம் போதும்.

மூன்றாவது, பொத்தான் அழுத்தும் சாதாரணக் கைப்பேசி. நம் பங்குகளில் முதியோர் பலர் கையில் இருப்பது இதுவே. மேற்சொன்ன வழிகள் இதற்குப் பொருந்தா. இதற்கும், அணைக்கப்பட்டுவிட்ட மற்றக் கைப்பேசிகளுக்கும் உரிய வழி வேறு. ஒவ்வொரு கைப்பேசிக்கும் ‘ஐ.எம்.இ.ஐ.’ என்னும் 15 இலக்க அடையாள எண் உண்டு. சிம் கார்டை மாற்றினாலும் இவ்வெண் மாறுவதில்லை. இரண்டு சிம் போடும் கருவிக்கு இரண்டு எண்கள் இருக்கும். *#06# என்று அழுத்தினால் திரையில் அது தோன்றும். வாங்கிய பெட்டியின் மேலும் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் தொலைந்த பின்பு *#06# அழுத்துவது எங்கே? பெட்டியும் பழைய தாள்காரரிடம் போயிருக்கும். ஆகவே இன்றே எழுதி வைத்தல் வேண்டும்.

இவ்வெண்ணைக் கொண்டு செய்ய வேண்டியது இது. முதலில், அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். அதே எண்ணில் மாற்று சிம் கார்டும் பெற வேண்டும். பின்னர் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அடையாள எண், தொலைந்த இடம், நாள், புகார் விவரம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். சி.இ.ஐ.ஆர். எனப்படும் இவ்வசதி 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் நாடு முழுவதற்கும் திறக்கப்பட்டது. பதிந்தபின் இந்திய நிறுவனங்கள் எதிலும் அக்கருவி இயங்காதபடி தடுக்கப்படும். எவரேனும் அதில் வேறு சிம் கார்டு போட்டால் அத்தகவல் காவல்துறைக்குக் கிட்டும். தமிழகத்தின் மாவட்டக் காவல் அலுவலகங்களில் மீட்கப்பட்ட கைப்பேசிகளை உரியவர்களிடம் ஒப்படைக்கும் செய்திகளை நாளேடுகளில் நாம் காண்பது இவ்வழியாலும் நேர்ந்ததே. கைப்பேசி கிடைத்துவிட்டால் அதே தளத்தில் தடையை நீக்க விண்ணப்பிக்க மறக்கலாகாது.

பணத்தைக் காத்தலும் உடனடிக் கடமை. யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள், மற்றொரு கைப்பேசியிலிருந்து வங்கிக்கும் சிம் நிறுவனத்திற்கும் சொல்லி அவ்வழியை அடைக்க வேண்டும். பணம் களவு போயிருந்தால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்கலாம். மேலும், தொலைந்த சில நாள்களில், “உங்கள் கைப்பேசி கிடைத்துவிட்டது, இங்கே மறைச்சொல்லை இடுக” என்று ஒரு செய்தி வரக்கூடும். அது பெரும்பாலும் சாவியையும் பறிக்க விரிக்கும் வலை. செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், நாமே உரிய தளத்தைத் திறந்து பார்ப்பதே அறிவுடைமை.

இனி, இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். நிலப்படத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. அது நமக்குத் தெரிந்த ஒரு தெருவில், ஒரு வீட்டின் மேல் நிற்கின்றது. உடனே என்ன செய்யத் தோன்றும்? நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு அவ்வீட்டுக் கதவைத் தட்டத் தோன்றும். இதைச் செய்யாதீர்கள். அப்புள்ளி ஒரு வீட்டைக் குறிப்பதன்று. ஒரு சுற்றளவைக் குறிப்பது. புள்ளியைச் சுற்றித் தெரியும் வட்டம் எவ்வளவு பெரிதோ, கணிப்பு அவ்வளவுக்கு உறுதியற்றது. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் நம் தெருக்களில் அவ்வட்டத்திற்குள் பத்து வீடுகள் அடங்கிவிடும்.

அமெரிக்க நாட்டில் டென்வர் நகரில் 2022ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்ததைக் கேளுங்கள். திருடப்பட்ட வண்டியொன்றில் ஓர் ஐபோன் இருந்தது. உரியவர் அதைத் தேடும் வசதியால் பார்த்தபோது, புள்ளி ஒரு மூதாட்டியின் வீட்டருகே காட்டிற்று. வட்டத்திற்குள் வேறு வீடுகளும் இருந்தன. அதைப் பொருட்படுத்தாமல், ஆயுதம் தாங்கிய காவலர்கள் 77 வயதான அம்மூதாட்டியின் இல்லத்தில் புகுந்து கதவை உடைத்துச் சோதனையிட்டனர். அங்கே திருட்டுப் பொருள் எதுவும் இல்லை. பின்னர் அவர் தொடுத்த வழக்கில், 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம், 37 லட்சத்து 60 ஆயிரம் டாலர் அவருக்குத் தர வேண்டுமென நடுவர் குழு தீர்ப்பளித்தது. ஆயினும் பல்லாண்டு வாழ்ந்த தம் வீட்டில் அவர் இழந்த நிம்மதிக்கு விலை உண்டோ?

பயிற்சி பெற்ற காவலர்களே அவ்வாறு தவறினால், பதற்றத்தில் இருக்கும் நாம் தவறுவது எளிதன்றோ? நம் ஊரில் நடுவர் குழு கூடப்போவதில்லை. “அந்த வீட்டில்தான் காட்டுகிறது” என்ற ஒரு சொல் தெரு முழுவதும் பரவிவிடும். அடுத்த நாள் கைப்பேசி பேருந்தின் இருக்கைக்கடியில் கிடைத்தாலும், அவ்வீட்டுப் பிள்ளையின் மேல் விழுந்த கறை நீங்காது. பத்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்காக ஓர் அயலாரின் நற்பெயரை இழக்கச் செய்வது ஈடுசெய்ய இயலாத அநீதி. ஆகவே புள்ளி காட்டும் இடத்தைப் படமெடுத்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள். வட்டம் நம் வீட்டையோ ஆலயத்தையோ கடையையோ காட்டினால், ஒலி எழுப்பித் தேடுங்கள். மற்ற இடங்களில் தனியே சென்று மல்லுக்கட்டுதல் ஆபத்தும் ஆகும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பிறர் கைப்பேசியை எங்கிருந்தும் தேடலாம் என்றால், பிறரை எங்கிருந்தும் வேவு பார்க்கலாம் என்றும் ஆகிறது. மனைவியின் மறைச்சொல்லை அவளறியாமல் பெற்று, அவள் எங்கே போகிறாள் என்று நிலப்படம் பார்க்கும் கணவர், தொலைந்த பொருளைத் தேடவில்லை. இல்லறத்தின் நம்பிக்கையைத் தொலைக்கின்றார். குடும்பத்தார் ஒருவர் சாவியை மற்றவர் அறிந்திருத்தல், இருவரும் கூடிப் பேசி, முழு மனத்தோடு செய்யும் ஏற்பாடாக இருக்கட்டும்.

நாம் பிறர் கைப்பேசியைக் கண்டெடுத்தால் செய்ய வேண்டியதையும் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். அதை அணைக்காதீர்கள், சிம் கார்டைக் கழற்றாதீர்கள், அழைப்பு வந்தால் எடுத்துப் பேசுங்கள். அழைப்பு வராவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். தொலைந்த பொருளுக்காகப் பதுவை அந்தோனியாரிடம் மன்றாடும் வழக்கம் நம்மிடையே ஆழமானது. ஒருவர் அவ்வாறு மன்றாடும் வேளையில், அப்பொருள் நம் கையில் இருந்தால், அம்மன்றாட்டுக்குரிய பதிலும் நம் கையில்தான் இருக்கின்றது.

எனவே, இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு குறிப்பேட்டை எடுத்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கணக்கின் பெயர், மறைச்சொல், மாற்று எண்கள், 15 இலக்க அடையாள எண், வங்கியின் தொலைபேசி எண் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். கருவி வாங்கிய ரசீதையும் அதனுள் வையுங்கள். நிலப் பத்திரம் இருக்கும் அலமாரியில் அக்குறிப்பேடும் இருக்கட்டும். பணப்பையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

பின்னர் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தாயின் கைப்பேசியை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு, வேறு வகைக் கைப்பேசி வைத்திருக்கும் ஒருவர் திண்ணையில் அமர்ந்து அதைத் தேடட்டும். மறைச்சொல் மறந்திருந்தால் இன்றே தெரிந்துவிடும். இருப்பிட வசதி அடைந்திருந்தால் இன்றே திறந்துவிடலாம். அடுப்பங்கரையில் மணி ஒலித்துவிட்டால், உங்கள் வீட்டின் இரண்டாம் சாவி சரியாக இருக்கிறது என்று பொருள்.